எட்டு டாலரும் உண்டியலும்: அந்நிய ஊரில் காசு வாங்கிய கதை

உண்டியல் என்றால் இன்று நமக்குக் கோயில்தான் ஞாபகம் வரும். ஆனால் யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ ஒருவர் "உண்டியலில் காசு அனுப்பினேன்" என்று சொன்னால், அது சாமிக்குப் போட்ட காசு இல்லை. வங்கிப் பக்கமே போகாமல், ஓர் ஆளிடம் இங்கே பணத்தைக் கொடுத்து, அவருடைய ஆள் மூலமாக அங்கே கொடுக்க வைப்பது. சொல்லின் பழைய வணிகப் பொருளும் கிட்டத்தட்ட இதுதான். ஓர் ஊரில் பணம் கட்டி இன்னோர் ஊரில் வாங்கிக்கொள்வதற்கான சீட்டு. வடக்கே இதையே ஹுண்டி என்பார்கள்.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. மென்பொருள் எழுதுவது பிழைப்பு. கொஞ்ச நாளாக ஒரு சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு குறிப்புகள் சேர்த்து வருகிறேன். வெளிநாடு போகிறவர்கள் அந்த ஊர்க் காசை எப்படிக் கையில் வாங்கினார்கள்? இன்று கார்டைச் சொருகினால் அரை நிமிடத்தில் தாய்லாந்து பாத் வந்து விழுகிறது. அதற்கு முன்னால்?

சேர்த்த வரைக்கும் எனக்குப் புரிந்தது இது. இந்த ஏற்பாடுகளில் பெரும்பாலும் காசு எல்லை தாண்டுவதே இல்லை. தாண்டுவது ஒரு வாக்குறுதி மட்டும். அந்த வாக்குறுதி வேலை செய்ய மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். யார் பொறுப்பு? வந்து நிற்கிற ஆள் உண்மையான ஆள்தான் என்று எப்படித் தெரியும்? நடுவில் யாருக்கு எவ்வளவு? எந்தக் காலத்தை எடுத்துக்கொண்டாலும் இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது.

சராப்பும் வட்டமும்

முதலில் நேரடி வழி. தங்கமோ வெள்ளியோ கட்டி எடுத்துக்கொண்டு போய், போன ஊரில் மாற்றிக்கொள்வது. 17-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குப் பல முறை வந்த பிரெஞ்சு வைர வியாபாரி தவேர்னியே தன் பயணநூலில் நம் ஊர் நாணய மாற்றுக்காரர்களைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். சின்னக் கிராமத்தில்கூட ஒரு சராப் உட்கார்ந்திருப்பான், அவனே வங்கிக்காரனாகவும் இருப்பான் என்பது அவர் பார்த்தது.

சராப்பின் வேலை நாணயத்தை எடை போட்டு, உரசிப் பார்த்து, தேய்மானம் கழித்து, அந்த ஊர்க் காசு கொடுப்பது. அப்படிப் பிடித்துக்கொள்கிற கழிவுக்குத் தமிழில் வட்டம் என்று பெயர். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இந்த முறையில் நம்பிக்கைப் பிரச்சினை கிடையாது. வெள்ளி வெள்ளிதான், கொண்டு வந்தவன் யாராக இருந்தால் என்ன? ஆனால் வழிப்பறிக்காரனுக்கும் அதே நியாயம்தான். எடையும் பயமும் சேர்ந்துதான் ஆட்களைக் காகிதத்துக்குத் தள்ளின.

தெரிந்தவர்களின் காகிதம்

ஹுண்டியில் பல வகை உண்டு. காட்டியவுடன் பணம் தரவேண்டியது ஒன்று. குறிப்பிட்ட தவணை கழித்துத் தரவேண்டியது இன்னொன்று. எனக்குப் பிடித்த வகை ஷா-ஜோக். சந்தையில் மதிப்புள்ள ஒரு வியாபாரி, அதாவது ஒரு 'ஷா', கொண்டுவந்து நீட்டினால்தான் அதற்குப் பணம். திருடிக்கொண்டு வந்தவன் அந்த ஊரில் தன்னை அறிந்த ஒரு பெரிய மனிதரை எங்கே தேடுவான்? இன்றைய பாஸ்வேர்டு செய்கிற வேலையை அங்கே ஒரு மனிதரின் மதிப்பு செய்தது. தமிழில் காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்று ஒரே சொல் இருப்பது சும்மா இல்லை.

கடல் தாண்டி இதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர்கள் நகரத்தார். 19-ஆம் நூற்றாண்டில் கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்று அவர்களுடைய கடைகள் பரவின. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் ஒவ்வொரு முதலாளியின் ஏஜெண்டும் ஒரு கைப்பெட்டியோடு தரையில் உட்கார்ந்து லட்சக்கணக்கில் வியாபாரம் பார்த்தார். ஏஜெண்டுகள் சுமார் மூன்று வருடக் கணக்குக்குப் போய்த் திரும்புவார்கள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலாசம், அதாவது முதலாளி குடும்பத்தின் தலைப்பெழுத்துகள். உண்டியலில் அந்த விலாசம் இருந்தால் வேறு ஊரில் இருக்கும் கடை பணம் கொடுக்கும்.

இது எப்படி முடிந்தது? சென்னையில் ஓர் அரிசி வியாபாரி இருக்கிறார் என்று வையுங்கள். ரங்கூனில் அரிசி வாங்க அவருக்கு ரங்கூனில் பணம் வேண்டும். ரங்கூனில் சம்பாதிக்கிற ஒருவருக்கு ஊரில் இருக்கும் குடும்பத்துக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். முன்னவர் சென்னையில் கட்டுகிறார், பின்னவர் ரங்கூனில் கட்டுகிறார். கடைக்காரர் இரண்டையும் பேரேட்டில் ஒன்றுக்கொன்று கழித்துவிடுகிறார். கப்பலில் போனது இரண்டு காகிதம்தான். மீதி நிற்கிற வித்தியாசத்துக்கு மட்டும்தான் நிஜப் பணம் நகரவேண்டும்.

பர்மாவில் அன்று இந்திய ரூபாயே செல்லும் என்பதால் மாற்று விகிதச் சிக்கல் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கினால் காசு வேறு. ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர். அதைத் தமிழர்கள் வெள்ளி என்றார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்றைக்கும் தமிழில் அது வெள்ளிதான்.

இந்த ஏற்பாட்டின் பலமும் எல்லையும் ஒன்றுதான். ஒரே சாதி, கொண்டு கொடுத்த உறவு, ஒரே கோயில். ஏமாற்றினால் பணம் மட்டுமில்லை, பெண்ணும் கிடைக்காது. அதனால் பொறுப்பு உறுதி. ஆனால் அந்த வட்டத்துக்கு அறிமுகம் இல்லாதவனுக்கு அந்தக் காகிதம் எட்டாது.

அந்நியனுக்கும் ஒரு காகிதம்

இதே காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஐரோப்பாவில் வேறொரு தேவை வந்தது. பணக்கார வீட்டு ஆங்கிலேய இளைஞர்கள் படிப்பை முடித்துவிட்டுப் பாரிஸ், ரோம் என்று ஒன்றிரண்டு வருடம் சுற்றுவது வழக்கம். கையில் ஒரு கடன் கடிதம் இருக்கும். ஆனால் அது குறிப்பிட்ட ஊரில், குறிப்பிட்ட வங்கிக்காரருக்கு எழுதியது. வழியை மாற்றினால் கடிதம் உதவாது.

ராபர்ட் ஹெரிஸ் என்ற ஸ்காட்லாந்து வங்கியாளர் 1772-ல் லண்டனில் இதற்குத் தீர்வு கண்டார். சர்க்குலர் நோட். முன்கூட்டியே பணம் கட்டி வாங்கிக்கொண்டால் ஐரோப்பாவில் சுமார் 90 ஊர்களில் எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம். அதோடு தனியாக ஓர் அடையாளக் கடிதம். பயணியின் கையெழுத்து அதில் இருக்கும். நோட்டை ஒரு பையிலும் கடிதத்தை இன்னொரு பையிலும் வையுங்கள் என்பதுதான் அறிவுரை. ஒன்று திருடுபோனாலும் மற்றது இல்லாமல் திருடனுக்குப் பயன் இல்லை. கார்டு கையில், பின் நம்பர் தலையில் என்று நாம் இன்று செய்வது இதேதான். நம் துறையில் இரட்டைச் சரிபார்ப்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயத்துக்கு 250 வயது!

100 வருடம் கழித்து, 1874-ல், தாமஸ் குக் நிறுவனம் தன் சுற்றுலாப் பயணிகளுக்கு இதையே பரவலாக்கியது. பிறகு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ். அதன் தலைவர் ஜே.சி. ஃபார்கோ 1890-ல் ஐரோப்பா போனார். பெரிய நகரங்களைத் தாண்டியதும் அவருடைய கடன் கடிதத்தை யாரும் மதிக்கவில்லை. கடுப்போடு திரும்பி வந்து, தன் ஊழியர் மார்செல்லஸ் பெர்ரியிடம் வழி கண்டுபிடிக்கச் சொன்னார். 1891-ல் டிராவலர்ஸ் செக் வந்தது. வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது காசாளர் கண் முன்னால் இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போனால் பணம். தனி அடையாளக் கடிதம் காகிதத்துக்குள்ளேயே வந்துவிட்டது.

மூன்றாவது கேள்வி இங்கேதான் சுவாரசியம். லாபம் எங்கே? கமிஷன் சின்னது. பெரிய லாபம் காத்திருப்பில் இருந்தது. நீங்கள் இன்று செக் வாங்குகிறீர்கள். இரண்டு மாதம் கழித்து மாற்றுகிறீர்கள். சிலர் மிச்சத்தை அலமாரியில் வைத்து மறந்தே போகிறார்கள். அதுவரை உங்கள் பணம் வட்டியில்லாக் கடனாக அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. அவர்கள் அதை முதலீடு செய்து சம்பாதித்தார்கள்.

இந்தக் காகிதங்களுக்கு 1914 ஆகஸ்டில் தேர்வு வந்தது. உலகப்போர் வெடித்தபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் ஐரோப்பாவில் சுற்றுலாவில் இருந்தார்கள். லண்டனில் வங்கிகளை நாள் கணக்கில் மூடி வைத்தார்கள். கடன் கடிதங்களை வாங்க ஆளில்லை. கையில் ஆயிரக்கணக்கான டாலருக்குக் காகிதம், ஹோட்டல் பில் கட்டக் காசு இல்லை. அமெரிக்க அரசு டென்னசி என்ற போர்க்கப்பலில் தங்கம் ஏற்றி அனுப்பியது. லண்டனில் இருந்த ஹெர்பர்ட் ஹூவர் என்ற சுரங்கப் பொறியாளர், தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு, மாட்டிக்கொண்டவர்களுக்குச் செலவுக்குப் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆன அதே ஹூவர்தான். அந்த வாரங்களிலும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் செக்குகளுக்குப் பணம் கொடுத்தது. அதன் பெயர் நிலைத்ததற்கு எந்த விளம்பரத்தையும்விட இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நம் கதை: மூன்று பவுண்டு, எட்டு டாலர்

இதுவரை பயணியின் பிரச்சினை திருடனும் தூரமும். இந்தியப் பயணிக்கு 1939 செப்டம்பரில் இன்னொன்று சேர்ந்தது: சொந்த அரசாங்கம். போர்க்கால நடவடிக்கையாக வந்த அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு, போர் முடிந்த பிறகு 1947-ல் நிரந்தரச் சட்டமாகிவிட்டது. 1950களின் இரண்டாம் பாதியில், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு இயந்திரங்கள் இறக்குமதி செய்து செய்து, போர்க்காலத்தில் சேர்ந்த ஸ்டெர்லிங் கையிருப்பு கரைந்தது. அதன்பின் பிடி இறுகியது.

1960களில் இங்கிலாந்து போனவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு மூன்று பவுண்டு. அமெரிக்கா போனவர்கள் சொல்வது எட்டு டாலர். அன்றைய விகிதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விமான டிக்கெட்டை ரூபாயில் வாங்கலாம், ஆனால் அதற்கே ரிசர்வ் வங்கியின் 'பி' பாரம் வேண்டும். உதவித்தொகை கிடைத்துப் போகிற மாணவர் நியூயார்க்கில் இறங்கும்போது பையில் எட்டு டாலர். 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலர் 4.76 ரூபாயில் இருந்து 7.50 ஆனது. அதாவது அந்த எட்டு டாலரின் விலையே 38 ரூபாயில் இருந்து 60 ரூபாய்க்கு ஏறியது.

அரசின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. இருந்த டாலருக்கு உணவு, உரம், இயந்திரம் என்று வரிசை நின்றது. அந்த வரிசையில் ஊர் சுற்றப் போகிறவனுக்கு எந்த இடம் கொடுப்பது?

ஆனால் விளைவைப் பாருங்கள். எட்டு டாலரோடு இறங்குகிறவனுக்கு விமான நிலையத்தில் யாராவது காத்திருக்க வேண்டும். அண்ணனுடைய நண்பர், ஊர்க்காரர், சீனியர் மாணவர், யாரோ ஒருவர். அவர் 100 டாலர் கொடுத்து உதவுவார். திருப்பிக் கொடுப்பது எப்படி? "நீங்க இங்க பையனுக்குக் கொடுங்க, ஊர்ல உங்க அம்மாகிட்ட நாங்க ரூபாயாக் கொடுத்துடறோம்." இதுதான் தீர்வு.

கவனித்தீர்களா? இது அப்பட்டமான உண்டியல். ரங்கூன் கடையின் பேரேட்டில் நடந்த அதே கழித்தல், இப்போது மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. அன்றைய சட்டப்படி இது குற்றம். 1973-ல் சட்டத்தை இன்னும் கடுமையாக்கினார்கள். 1974-ல் வந்த காஃபிபோசா, விசாரணை இல்லாமலே உள்ளே வைக்க வழி செய்தது. பெரிய அளவில் செய்தால் ஹவாலா, வீட்டளவில் செய்தால் "ஒத்தாசை". பொறிமுறை ஒன்றுதான்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. இந்தக் கட்டுப்பாடு எல்லோரையும் ஒரே மாதிரி பாதிக்கவில்லை. வெளிநாட்டில் சொந்தக்காரன் இருந்தவனுக்கு எட்டு டாலர் ஒரு சிரிப்புக் கதை. பணக்காரனுக்கு ஹவாலா இருந்தது. ஆள் பழக்கமும் இல்லாமல், சட்டத்தையும் மீறாமல் போனவனுக்குத்தான் முதல் வாரம் நரகம். ஹெரிஸும் குக்கும் 'அறிமுகம் வேண்டாம், காசு கட்டினால் போதும்' என்று ஒரு கதவைத் திறந்தார்கள். நாம் அதை மூடி, பயணத்தை மறுபடியும் தெரிந்தவர்களின் வட்டத்துக்குள் கொண்டுபோய்விட்டோம்.

இந்தியாவில் செல்லாத இந்திய ரூபாய்

இதே கட்டுப்பாட்டின் இன்னொரு பக்கம், நாணயச் சேகரிப்பாளர்களுக்கு மட்டும் அதிகம் தெரிந்தது. 1950களில் குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் பகுதிகளில் இந்திய ரூபாய்தான் புழக்கத்தில் இருந்தது. அங்கே சேர்கிற ரூபாயைத் திருப்பி அனுப்பினால் ரிசர்வ் வங்கி ஸ்டெர்லிங் கொடுக்க வேண்டும். தங்கக் கடத்தல்காரர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. இந்தியாவுக்குத் தங்கம், வளைகுடாவுக்கு ரூபாய், அங்கிருந்து அதே ரூபாய் ஸ்டெர்லிங் கேட்டு மும்பைக்கு!

1959-ல் சட்டத்தைத் திருத்தி, வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு அச்சடித்தார்கள். வரிசை எண்ணுக்கு முன்னால் 'இசட்' எழுத்து, வேறு நிறம். இந்தியாவுக்குள் செலவழிக்க முடியாது. அதே சமயத்தில் ஹஜ் பயணிகளுக்காக 10 ரூபாயிலும் 100 ரூபாயிலும் 'எச்ஏ' என்ற எழுத்துகளோடு தனி நோட்டுகள் வந்தன. சவூதியில் செலவழிக்க. ஒரு நாடு தன் யாத்ரீகர்களுக்காகவே, தன் மண்ணில் செல்லாத பணத்தை அச்சடித்துக் கொடுத்தது!

வளைகுடா ரூபாய் நீடிக்கவில்லை. குவைத் 1961-ல் சொந்தப் பணம் வெளியிட்டது, பஹ்ரைன் 1965-ல். 1966-ல் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும், மிச்சம் இருந்தவர்களில் பெரும்பாலோர் விலகிக்கொண்டார்கள். யாரோ டெல்லியில் எடுத்த முடிவால் துபாய்க் கடைக்காரன் கல்லாவில் இருந்த பணத்தின் மதிப்பு ஒரே நாளில் இறங்கினால், அவன் ஏன் அதை வைத்திருக்கப் போகிறான்? முதல் கேள்விக்கு, "யார் பொறுப்பு?" என்பதற்கு, நாம் கொடுத்த பதில் பலிக்கவில்லை.

இயந்திரம்

1991-ல் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே காணும் என்ற நிலை. தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தோம். அந்த அடியில் இருந்துதான் தளர்வு தொடங்கியது. 2000 ஜூனில் ஃபெமா நடைமுறைக்கு வந்தபோது செலாவணி மீறல் கிரிமினல் குற்றம் என்ற நிலை பெரும்பாலும் மாறியது. 2004-ல் ஒரு தனிநபர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை அனுப்பலாம் என்றார்கள். இன்று அது 2,50,000. எட்டில் இருந்து இரண்டரை லட்சம்!

இதற்குள் டிராவலர்ஸ் செக்கை ஏடிஎம் விழுங்கிவிட்டது. 1967 ஜூனில் லண்டன் அருகே என்ஃபீல்டில் பார்க்ளேஸ் வைத்த முதல் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த ஜான் ஷெப்பர்ட்-பேரன் பிறந்தது நம் ஷில்லாங்கில். அந்த இயந்திரம் சிறப்புக் காகிதச் சீட்டை வாங்கிக்கொண்டு 10 பவுண்டு கொடுத்தது. 1982-ல் அமெரிக்காவில் தோன்றிய சிர்ரஸ், பிளஸ் வலையமைப்புகள் வெவ்வேறு வங்கிகளின் இயந்திரங்களை இணைத்தன, பிறகு எல்லை தாண்டின.

நீங்கள் பாங்காக்கில் கார்டைச் சொருகும்போது நடப்பது இது. அந்த வங்கி வலையமைப்பு வழியாக உங்கள் வங்கியைக் கேட்கிறது: இந்த ஆளுக்கு இவ்வளவு தரலாமா? "தரலாம்" என்று பதில் வந்ததும் பாத் வெளியே வருகிறது. வங்கிகள் நாள் முடிவில் ஒருவருக்கொருவர் கழித்துக்கொண்டு, மீதியை மட்டும் தீர்க்கிறார்கள். ரங்கூன் பேரேடுதான், வேகம் மட்டும் வேறு.

மூன்றாவது கேள்வி மட்டும் முன்னைவிட மறைவாகிவிட்டது. வெளிநாட்டு ஏடிஎம் திரையிலோ கடைக்காரரின் கார்டு இயந்திரத்திலோ "உங்கள் சொந்தப் பணத்திலேயே, ரூபாயிலேயே, கணக்கிடட்டுமா?" என்று மரியாதையாக ஒரு கேள்வி வரும். ரூபாய் என்றதும் நமக்கு ஒரு நிம்மதி. ஆனால் அதை அழுத்தினால் மாற்று விகிதத்தை முடிவு செய்வது அந்த இயந்திரத்தின் சொந்தக்காரர். பெரும்பாலும் பல சதவீதம் கூடுதலாகப் போகும். உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். அப்போது விகிதம் கார்டு வலையமைப்புடையது, அதன்மேல் உங்கள் வங்கியின் கட்டணம். பல இந்திய வங்கிகளில் அது 2 முதல் 3.5 சதவீதம். ஏடிஎம் வாடகை தனி. புறப்படும் முன் வங்கியில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

2023 பிப்ரவரியில் நம் யுபிஐ சிங்கப்பூரின் பேநவ்வோடு இணைந்தது. 2024 பிப்ரவரியில் இலங்கைக் கடைகளில் யுபிஐ செலுத்தும் வசதி தொடங்கியது. செட்டியார் தெருவிலேயே போனை நீட்டிப் பணம் கட்டும் காலம். இன்னும் சில வருடங்களில் 'உள்ளூர்க் காசு' என்ற கவலையே பலருக்கு இல்லாமல் போகலாம்.

எல்லோருக்கும் இல்லை. வங்கிக் கணக்கு, சரியான ஆவணம், போன் எல்லாம் உள்ளவர்களுக்குத்தான் இந்த வலை. வளைகுடாவில் கட்டட வேலை செய்கிறவருக்கும், ஆவணம் இல்லாமல் ஐரோப்பாவில் ஒதுங்கியிருக்கும் ஈழத்தமிழருக்கும் இன்னும் உண்டியல்காரர்தான். சட்டவிரோதம், ஏமாற்றினால் புகார் சொல்லவும் வழியில்லை என்பதெல்லாம் அவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் அவர் பெயர் தெரிந்தவர், ஊர் தெரிந்தவர், வட்டம் எவ்வளவு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவர். நம் திரை அதைக்கூடச் சின்ன எழுத்தில்தான் சொல்கிறது.